நின்றுபோன தாளும் 'நார்மல்' கிரேடும்: மாற்று என்பதன் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு பிரிண்ட் போடப் பயன்பட்ட 'இந்து' பிராமைடு தாள் இன்று உற்பத்தியில் இல்லை. அதைத் தயாரித்த ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்கிற பொதுத்துறை ஆலையும் இயங்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் அச்சாவதை மனதில் வைத்து எடுக்கப்பட்ட நெகட்டிவ்கள் இருக்கின்றன. மூடிப்போன ஸ்டுடியோக்களின் பரண்களில், சங்க அலுவலகங்களின் பீரோக்களில், யாரோ ஒருவருடைய தாத்தாவின் தகரப் பெட்டியில் அவை கிடக்கின்றன. கல்யாணம், சாவு, ஊர்வலம், மறியல், பள்ளிக்கூட ஆண்டுவிழா, பெண் பார்க்க அனுப்பிய படம் எல்லாமே அதற்குள் அடக்கம்.

இவற்றை மறுபடி அச்சிட நினைக்கிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இந்து நார்மலுக்குப் பதிலா இப்ப எந்த பேப்பர் போடலாம்?" பார்த்தால் வெறும் கடைக்காரர் விஷயம் மாதிரி இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பழைய தாளுக்கென்று ஒரு சாரம் இருந்தது, அந்தச் சாரத்தை இன்னொரு தாளில் தேடிப் பிடித்துவிடலாம், பிடித்துவிட்டால் படம் தப்பித்தது என்கிற நம்பிக்கை.

இக்கட்டுரை சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. மூலத் தாள் என்று ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை. நம்மிடம் இருப்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான மாற்றுகளின் வரிசை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எது படம், எது தாளின் குணம் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானம் 'நார்மல்' என்கிற ஒரு சொல்லுக்குப் பின்னால் மறைந்து போயிருக்கிறது. இப்போது மாற்றுத் தாளைத் தேர்ந்தெடுப்பவர் அந்தத் தீர்மானத்தைத் தெரிந்தே, தன் பெயரில் எடுத்தாக வேண்டும்.

2

திருக்கோகர்ணத்திலிருந்து தொடங்குவோம். புதுக்கோட்டை சமஸ்தானம் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இன்று இந்த ஊரில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே குடைவரையோடு கூடிய கோகர்ணேசுவரர் கோவில். சமஸ்தானத்தின் கல்வெட்டுகளைத் தொகுத்து 1929இல் வெளியிட்ட மூலபாட நூலில் 1130 கல்வெட்டுகள் இருக்கின்றன. சிறிய சமஸ்தானம் ஒன்று இவ்வளவு கல்லைத் தாளுக்குக் கொண்டுவந்தது சாதாரணக் காரியமல்ல.

கல்வெட்டை மைப்படி எடுப்பது எப்படி என்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். கல்லைக் கழுவி, ஈரத் தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குகிறார்கள். பிறகு மை ஒற்றுகிறார்கள். மேட்டில் மை படுகிறது, பள்ளத்தில் படுவதில்லை. ஆகவே எழுத்து வெள்ளையாகவும் கல் கறுப்பாகவும் தாளில் வருகிறது. அதாவது, ஒளிப்படம் வருவதற்கு வெகு முன்பே உலகம் அறிந்திருந்த ஒரு வகை 'நெகட்டிவ்' இது. இதற்கு என்ன தாள் போடுவது என்பது சும்மா விஷயமில்லை. தடித்த தாள் பள்ளத்துக்குள் இறங்காது. மெல்லிய தாள் தட்டினால் கிழியும். எங்கே கல்லின் சிதைவு முடிகிறது, எங்கே எழுத்தின் கோடு தொடங்குகிறது என்பதைத் தூரிகை பிடித்த கைதான் முதலில் முடிவு செய்கிறது. அறிஞர் வாசிப்பது அந்த முடிவைத்தான். நேரடியாகக் கல்லை அல்ல.

கல்வெட்டில் அரசன் பெயர் இருக்கிறது. தொகுதியின் தலைப்பில் சமஸ்தானத்தின் பெயர் இருக்கிறது. தட்டிய கையின் பெயர் தலைப்புக்கு வருவதில்லை. நகல் எடுப்பது அறிவு சாராத கைவேலை என்கிற இந்தப் பிரிவினை நமக்குப் புதிதில்லை. எழுத்து யாருக்கு, கைவேலை யாருக்கு என்று பிரித்து வைத்த சமூகம் இது. ஒளிப்படத் தாளின் வரலாற்றிலும் அதே பிரிவினை அப்படியே தொடர்கிறது.

3

புதுக்கோட்டைப் பகுதியை ஒளிப்படத் தொகுதியாக்கியவர் லின்னேயஸ் டிரைப். கம்பெனிப் படையின் கேப்டன். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றி 1858இல் சென்னை வந்து சேர்ந்தார். வடக்கே கிளர்ச்சி இன்னும் அடங்காத மாதங்கள் அவை. தெற்கே அரசு கோவில்களையும் கோட்டைகளையும் படமெடுத்துத் தொகுத்துக்கொண்டிருந்தது. புதுக்கோட்டைக்கென்று தனித் தொகுதி ஒன்று வெளிவந்தது. தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 பிரிண்ட்களாக எடுத்து ஒட்டி 19 அடி நீளப் படச்சுருள் ஒன்றையும் செய்தார். மைப்படி செய்கிற வேலையைக் கேமராவுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார் எனலாம்.

டிரைப் பயன்படுத்தியது மெழுகூட்டிய தாள் நெகட்டிவ். கண்ணாடித் தகட்டில் ஈரக் கொலோடியன் பூசும் முறை அப்போது புழக்கத்துக்கு வந்துவிட்டது. படம் இன்னும் கூர்மையாக விழும். ஆனால் ஈரம் காய்வதற்குள் பூசி, எடுத்து, கழுவியாக வேண்டும். நம் வெயிலில், மாட்டு வண்டிப் பயணத்தில் அது கஷ்டம். மெழுகுத் தாளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். ஆகவே டிரைப்பின் படங்களில் நாம் 'அழகியல்' என்று ரசிக்கிற அந்த மென்மையில் வெயிலுக்கும் வண்டிக்கும் பங்குண்டு.

பிரிண்ட்கள் முட்டை வெண்கரு பூசிய தாளில், தங்கக் கரைசலில் தோய்த்து நிறமேற்றிப் போடப்பட்டன. நூற்றுக்கணக்கான படங்கள், ஒவ்வொன்றுக்கும் பல படிகள். டிரைப்பிடம் பயின்று அவருக்கு உதவியவர்களில் சி. அய்யாசாமி என்ற தமிழர் ஒருவரின் பெயர் பதிவாகியிருக்கிறது. ஒரு பெயராவது தப்பிப் பிழைத்ததே என்று சொல்லிக்கொள்ளலாம். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இந்த முயற்சி அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி முடிவுக்குக் கொண்டுவந்தார். தாளின் தலைவிதியைக் கருவூலம் எழுதிய முதல் சம்பவம் நம் பகுதியில் இதுதான்; கடைசிச் சம்பவம் அல்ல.

முட்டைத் தாளின் பொருளாதாரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1888இல் டிரெஸ்டன் நகர ஆலை ஒன்று மட்டும் 18,674 ரீம் தாள் செய்தது. ஒரு ரீமுக்கு 27 டஜன் முட்டை. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு அறுபது லட்சம் முட்டை! அடித்தாளோ பெரும்பாலும் இரண்டே ஆலைகளிலிருந்து வந்தது: பிரான்சின் ரீவ், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் மால்மெடியின் ஸ்டைன்பாக். உலகத்து முகங்கள் அத்தனையும் இரண்டு ஆற்றுத் தண்ணீரில் ஊறிய தாளில் தெரிந்தன. 'உலகப் பொது மொழி' என்று ஒளிப்படத்தைக் கொண்டாடியவர்கள் அந்த மொழியின் எழுதுபொருள் யார் கையில் இருந்தது என்று கேட்கவில்லை.

இங்கே தொழில்நுட்பச் செய்தி ஒன்று நம் வாதத்துக்கு முக்கியமானது. முட்டைத் தாளில் டெவலப்பர் போட்டுப் படத்தை வரவழைப்பதில்லை. நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால் படம் தானே கறுத்து வெளிப்படும். நிழல் பகுதி முதலில் கறுக்கும். கறுத்த வெள்ளியே ஒரு திரையாகி மேற்கொண்டு வெளிச்சம் இறங்காமல் தடுக்கும். அதற்குள் வெளிச்சப் பகுதியில் மெல்ல விவரங்கள் வந்து சேரும். இந்தத் தாளுக்காக எடுத்த நெகட்டிவ் வேண்டுமென்றே அடர்த்தியாக இருக்கும். அதையே பின்னால் வந்த பிராமைடு தாளின் நார்மல் கிரேடில் போட்டால் வானம் சுண்ணாம்பு, நிழல் கரி.

இதன் பொருள் என்ன? நெகட்டிவும் மூலமல்ல. அது எடுக்கப்படும்போதே தன் தாளை எதிர்பார்த்து நிற்கிறது. வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில், ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்டும் எடுக்கலாமாகையால் எது 'உண்மையான' பிரிண்ட் என்று கேட்பதில் அர்த்தமில்லை என்று வாதிட்டார். மூலம் என்கிற புனிதத்தை உடைக்க அது உதவியது. நாமும் அதைப் பல காலமாகச் சொல்லி வருகிறோம். ஆனால் பெஞ்சமினின் வாதத்தில் தாள் தீர்ந்துபோவதில்லை. எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம் என்பது ஆலை ஓடுகிறவரை மட்டுமே உண்மை.

4

1880களிலிருந்து ஜெலட்டின் பூசிய தாள்கள் வந்தன. வெயில் வேண்டாம், விளக்கு வெளிச்சம் போதும். இருட்டறை என்பது நிரந்தரமான இடமாயிற்று. சிவப்பு விளக்கு, டெவலப்பர், ஹைப்போ, தண்ணீர்த் தொட்டி, என்லார்ஜர் எல்லாம் அதற்குள் வந்தன. தமிழ்நாட்டுச் சிறுநகர ஸ்டுடியோ என்று நாம் இன்று நினைவுகூரும் உலகம் இந்தத் தாளின் மேல்தான் நின்றது.

ஜெலட்டின் என்பது எலும்பையும் தோலையும் வேகவைத்து எடுப்பது. 1925இல் கோடாக் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்ட் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்: சில ஜெலட்டின்கள் மட்டும் வெளிச்சத்தை அதிகம் உணரக் காரணம் அவற்றிலுள்ள நுண்ணளவு கந்தகச் சேர்மங்கள், கடுகுச் செடிகளில் இருக்கும் அதே வகைச் சேர்மங்கள். மாடு என்ன மேய்ந்தது என்பது வரை படத்தின் வேதியியல் நீள்கிறது. சரி, அந்த எலும்பு எங்கிருந்து வந்தது? இந்தியக் கால்நடைகளின் எலும்பு நொறுக்கப்பட்டு வெளிநாட்டு ஜெலட்டின் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. ஊருக்கு வெளியே செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையை இச்சமூகம் யார் தலையில் கட்டியது என்று இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பூஜை அறையில் மாலையிட்டு மாட்டிய பாட்டனார் படத்தின் மேல்பூச்சு அந்த எலும்பின் சாறு. தீட்டு பற்றிய சொல்லாடல்கள் ஏன் ஒளிப்படத்தின் முன்னால் மட்டும் மௌனமாகின என்பது தனியே ஆராயத்தக்கது.

பிராமைடு தாளோடு இன்னொன்றும் வந்தது: கிரேடு. சாஃப்ட், நார்மல், ஹார்டு. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனை படிகள் விழும் என்பதைக் கிரேடு தீர்மானிக்கிறது. சாஃப்டில் படிகள் அதிகம், ஹார்டில் குறைவு. 'நார்மல்' என்று டப்பாவில் அச்சடித்தவர்கள் ஒரு 'நார்மல்' நெகட்டிவை மனதில் வைத்திருந்தார்கள். அந்த நெகட்டிவில் ஒரு வெளிச்சம், ஒரு முகம், ஒரு தோல் இருந்தது. யாருடைய தோல்?

ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இயல்பு, இயல்பாக்கம் என்ற சொற்கள் சிறை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றோடு சேர்ந்தே ஞாபகத்துக்கு வரும். பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத் தாளின் டப்பா மேலும் அதே சொல் அச்சாகியிருந்தது. கறுத்த முகத்தில் விவரங்கள் விழுவது நிழல் பகுதியின் நெருக்கமான படிகளில். அங்கே தாள் சட்டென்று கறுப்பில் முடிந்துபோனால் முகம் தட்டையாகிவிடும். ஸ்டுடியோக்காரர் என்ன செய்வார்? நெகட்டிவில் பென்சிலால் 'டச்சிங்' செய்வார். எக்ஸ்போஷரைக் குறைத்து முகத்தை வெளுக்க வைப்பார். பெண் பார்க்க அனுப்பும் படமென்றால் "கொஞ்சம் கலரா வரட்டும்ணே" என்பது வீட்டாரின் வேண்டுகோளாகவே வரும். இப்படியாக மாநிறம் என்கிற நமது பெரும்பான்மை நிறம், தாளின் நார்மலுக்கும் கல்யாணச் சந்தையின் நார்மலுக்கும் நடுவில் காணாமல் போனது.

ஆனால் இதை வெறும் அடக்குமுறைக் கதையாகச் சொல்லி முடித்துவிடக் கூடாது. அதே இருட்டறையில், வேறொரு நாளில், அதே மனிதர் சாஃப்ட் தாளை எடுத்துக் கிழவி ஒருத்தியின் முகச் சுருக்கம் ஒவ்வொன்றையும் காப்பாற்றியும் இருக்கிறார். கையை என்லார்ஜர் வெளிச்சத்தில் குறுக்கே ஆட்டி ஒரு பக்கத்தை மறைத்து, இன்னொரு பக்கத்தைக் கூடுதலாக எரித்து, நார்மலை வளைத்திருக்கிறார். அதிகாரம் டப்பாவில் அச்சாகி வந்தது; எதிர்ப்பு விரல் நுனியில் நடந்தது. இரண்டுக்கும் ரசீது கிடையாது.

5

சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. கோடாக், அக்ஃபா, இல்ஃபோர்டு என்று பழகிய கைகளுக்குத் தாள் கிடைப்பது லைசென்ஸையும் அந்நியச் செலாவணியையும் பொறுத்த விஷயமானது. அந்தப் பின்னணியில்தான் 1960இல் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் பதிவு செய்யப்பட்டது. பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு ஊட்டியில் ஆலை எழுந்து 1967இல் வணிக உற்பத்தி தொடங்கியது. சினிமா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், ரோல் ஃபிலிம், பிராமைடு தாள் எல்லாம் வந்தன. பெயர் 'இந்து'. நிலவு என்று பொருள். வெள்ளியைப் பூசுகிற ஆலைக்குப் பொருத்தமான பெயர்தான். தமிழில் எழுதினால் இன்னொரு மாதிரியும் வாசிக்கலாம் என்பது வேறு கதை.

நேருவியத் தொழில்மயம் என்கிற பெருங்கதையாடலை நாம் கடுமையாக விமர்சித்திருக்கிறோம், விமர்சிக்கவும் வேண்டும். அணை, உருக்காலை, ராக்கெட் என்ற அந்த வரிசையில் ஒளிப்படத் தாளும் இருந்தது என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டோம். தன் குடிமக்களின் முகத்தைத் தானே தயாரித்த தாளில் அச்சிட்டுக்கொள்ள வேண்டும் என்று ஓர் அரசு நினைத்தது சாதாரண விஷயமல்ல. அடையாள அட்டைக்கும் எக்ஸ்ரேவுக்கும் குடும்பப் படத்துக்கும் ஒரே ஆலை! கண்காணிப்பும் மருத்துவமும் பாசமும் ஒரே பூச்சு இயந்திரத்தின் வழியாக வந்தன.

ஆனால் ஸ்டுடியோக்காரர்களைப் பொறுத்தவரை 'இந்து'வும் ஒரு மாற்றுதான். அது முன்பு கிடைத்த வெளிநாட்டுத் தாளுக்குப் பதிலாக வந்தது. இன்று நாம் 'மூலம்' என்று ஏங்குகிற தாள், வந்த நாளில் 'பதிலி'யாகப் பார்க்கப்பட்டது. "கிடைக்கிறதுல போடு" என்பதுதான் அன்றைய இருட்டறையின் அழகியல் கோட்பாடு. டெவலப்பரின் கலவையை மாற்றி, எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைத்துக் கைகள் அந்தத் தாளுக்குப் பழகின. பழகிய பிறகு அதுவே நார்மல் ஆனது.

நிலமும் இதில் பேசியது. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேல், தூசி குறைந்த குளிர்க் காற்றில் செய்த தாள், சித்திரை மாதப் புதுக்கோட்டையில் கழுவப்பட்டது. டெவலப்பருக்குப் புத்தகம் சொல்லும் வெப்பம் 20 டிகிரி. இங்கே குழாய்த் தண்ணீரே 30ஐத் தாண்டும். ஜெலட்டின் இளகும், கொப்புளம் விடும், விரல் பட்டால் உரியும். ஆகவே டிரேக்குக் கீழே ஐஸ் கட்டி, ஹைப்போவில் படிகாரம், கோடையில் ராத்திரி வேலை. பிறகு கழுவும் தண்ணீர்! பழைய நார்த்தாளை ஓடும் நீரில் ஒரு மணி நேரம் வரை கழுவச் சொல்கிறது சாஸ்திரம். குடத்துக்கு வரிசையில் நிற்கிற ஊரில் எவன் ஒரு மணி நேரம் தண்ணீரை ஓடவிடுவான்? அரைகுறையாகக் கழுவிய பிரிண்டில் ஹைப்போ தங்கிவிடும். ஆண்டுகள் போகப் போகப் படம் பழுப்பேறும். நம் குடும்பப் படங்களின் மஞ்சள் நிறத்தைப் 'பழமையின் அழகு' என்று கவிதை பாடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த மஞ்சளில் கணிசமான பகுதி தண்ணீர்ப் பஞ்சம்.

1980களில் கலர் பிரிண்ட் பரவியது. 1991க்குப் பின் இறக்குமதிச் சுவர்கள் இறங்கின. 1990களின் நடுவில் ஊட்டி ஆலை நலிவுற்ற நிறுவனமாகித் தொழில் மற்றும் நிதி மறுசீரமைப்பு வாரியத்தின் முன் போய் நின்றது. மீட்புத் திட்டங்கள், இழுபறிகள் எல்லாம் நடந்தன. 2014இல் மத்திய அமைச்சரவை மிச்சமிருந்த தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அங்கீகரித்தது. இருட்டுக்குள்ளேயே வேலை பார்க்கக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறைத் தொழிலாளர் திறன் அத்தோடு கலைந்தது. இதற்கு 'விருப்பம்' என்று பெயர்.

6

ஊட்டியின் தோல்விக்குப் பொதுத்துறையின் சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் என்று சொல்வோருக்கு உலக நிலவரத்தை நினைவூட்டலாம். 2004 ஆகஸ்டில் இங்கிலாந்தின் இல்ஃபோர்டு திவால் நிலைக்குப் போனது. அதன் மேலாளர்களே சேர்ந்து வாங்கி ஹார்மன் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 2005 மே மாதம் ஜெர்மனியின் அக்ஃபாஃபோட்டோ நொடித்தது. அடுத்த மாதமே கோடாக் கறுப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2007இல் ஹங்கேரியின் ஃபோர்ட்டே மூடப்பட்டது. தனியார், பன்னாட்டு நிறுவனம், முன்னாள் சோஷலிச நாட்டு ஆலை என்று வித்தியாசமில்லாமல் விழுந்தன. அன்றிலிருந்து உலகெங்கும் இருட்டறைக்காரர்கள் நாம் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதில் ஒரு முயற்சியைக் குறிப்பிட வேண்டும். அக்ஃபாவின் 'மல்டிகான்ட்ராஸ்ட் கிளாசிக்' தாளை ஜெர்மனியின் அடாக்ஸ் நிறுவனம் அதே பால்மப் பூச்சைப் பின்பற்றி மறுபடி தயாரித்தது. அங்கே செய்முறை ஏடு தப்பித்திருந்தது, பழைய கைகளின் அனுபவம் மிச்சமிருந்தது, வாங்குகிற சந்தையும் இருந்தது. நமக்கு மூன்றும் இல்லை. ஐரோப்பியருக்கு நின்றுபோன தாள் உயிர்த்தெழலாம். நமக்கு அவர்கள் சந்தையின் மிச்சத்திலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் மட்டும்தான். இன்று முக்கியமாக எஞ்சியிருப்பவை இங்கிலாந்தின் இல்ஃபோர்டும் செக் நாட்டின் ஃபோமாவும். டிரைப் காலத்து ரீவ், ஸ்டைன்பாக் நிலைமைக்கே திரும்பி வந்துவிட்டோம்: உலகத்துக்கு இரண்டு ஆலை.

7

அப்படியானால் என்ன செய்வது? எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் போச்சு என்பது ஒரு பதில். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு 2010களில் தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மப் பதிவு செய்தது. மிக அவசியமான வேலை. ஆனால் ஸ்கேனரும் ஒரு 'நார்மல்' வைத்திருக்கிறது. திரையின் வெளிச்சத்தில் முகம் எவ்வளவு கறுக்கலாம் என்று அதற்குள்ளேயும் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே கேள்வி தள்ளிப்போகிறதே தவிரத் தீர்வதில்லை.

தாளிலேயே அச்சிட விரும்பும் நண்பர்களுக்காகச் சில விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, பழைய பிரிண்டை அளவுகோலாக வைக்கும்போது எச்சரிக்கை தேவை. அது மஞ்சளாகியிருக்கிறது, ஓரங்களில் வெள்ளி மேலே வந்து கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அதைப் பார்த்து 'வார்ம் டோன்' தாள் வாங்கினால் நீங்கள் பின்பற்றுவது தாளையல்ல, அரைகுறைக் கழுவலை. பிரிண்டில் சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருந்த பகுதியைப் பாருங்கள். காற்றும் வெளிச்சமும் அதிகம் படாத அந்த இடம் பழைய நிறத்துக்குக் கொஞ்சம் நெருங்கியது.

இரண்டாவது, ஒரே நெகட்டிவை இரண்டு மூன்று தாள்களில் போட்டு மூன்று இடங்களை மட்டும் ஒப்பிடுங்கள்: தாளின் வெறும் வெள்ளை, அது எட்டக்கூடிய அதிகபட்சக் கறுப்பு, இரண்டுக்கும் நடுவே முகம். கடைக்காரர் முதல் இரண்டைக் காட்டித்தான் விற்பார். நமக்கு வேண்டியது மூன்றாவது. கறுப்பு எவ்வளவு ஆழம் என்பதைவிட, கறுத்த கன்னத்துக்கும் அதைவிடக் கறுத்த கழுத்து நிழலுக்கும் நடுவே எத்தனை படிகள் பிரிந்து தெரிகின்றன என்பதுதான் தேர்வு.

மூன்றாவது, கிரேடு. இப்போது பெரும்பாலும் கிடைப்பவை பல கிரேடுகள் ஒரே தாளில் அடங்கியவை. 1940இல் இல்ஃபோர்டு தொடங்கிவைத்த முறை. மஞ்சள் வடிகட்டி போட்டால் சாஃப்ட், மெஜந்தா போட்டால் ஹார்டு. அடர்த்தியான பழைய கண்ணாடித் தகடுகளுக்கு மஞ்சளில் தொடங்குவது நல்லது. முகத்துக்கு ஒரு வடிகட்டி, பின்னணிக்கு வேறொன்று என்று ஒரே பிரிண்டில் மாற்றவும் முடியும். டப்பாவில் இருந்த நார்மல் இப்போது விரலுக்கு வந்திருக்கிறது. இழப்புக்கு நடுவே கிடைத்த உண்மையான லாபம் இது ஒன்றுதான்.

நான்காவது, நார்த்தாளா பிளாஸ்டிக் பூசிய தாளா? நார்த்தாள் நன்றாகக் கழுவினால் நீண்ட காலம் இருக்கும். கழுவத் தண்ணீர் வேண்டும். பிளாஸ்டிக் தாள் சில நிமிடங்களில் கழுவி முடியும். சங்கத்து அறையில் மாட்ட, கண்காட்சிக்கு ஊர் ஊராக எடுத்துச் செல்ல அது போதும். 'ஃபைன் ஆர்ட்' என்ற பெயரில் நார்த்தாளைப் புனிதமாக்குகிற காலரிப் பேச்சுக்கு மயங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஒரு நெகட்டிவில் மட்டும் எஞ்சியிருக்கும் ஒரு முகம் என்றால், ஒரு படியாவது நார்த்தாளில் போட்டு ஒழுங்காகக் கழுவி வைப்பது நம் கடமை.

ஐந்தாவது, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பிரிண்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். என்ன தாள், என்ன வடிகட்டி, எந்த வருஷம், எங்கே போட்டது, முகத்தை எவ்வளவு மறைத்தோம் அல்லது எரித்தோம், ஏன். பிரிண்ட் போட்டவரின் பெயர். தெரிந்தால் முதலில் எடுத்தவரின் பெயரும். பின்னால் வருகிறவர் நமது தீர்மானத்தோடு சண்டை போட அது உதவும். சண்டை போட முடியாத தீர்மானம்தான் 'நார்மல்' என்று பெயர் வாங்கிக்கொள்கிறது.

'இந்து நார்மலுக்கு' இணையான தாள் எது என்று கேட்டுக்கொண்டேயிருந்தால் யாரோ ஒரு நிறுவனம் தன் தாளின் பெயரைப் பதிலாகச் சொல்லிவிட்டுப் போகும். அதற்கு முன் ஊர் ஊராக நாம் கேட்க வேண்டியவை வேறு உண்டு. இந்த நெகட்டிவ்கள் யாரிடம் இருக்கின்றன? எந்த முகங்கள் வெளுக்க வைக்கப்பட்டன? எவை இன்னும் அச்சிடப்படவேயில்லை? அவற்றை முதன்முறையாகத் தாளில் இறக்கப் போகிறவருக்குப் பின்பற்ற மூலம் ஏதும் கிடையாது. அவர் போடுவதே முதல் பிரிண்ட்.